பஞ்சுமிட்டாய் போச்சு, பாக்கெட் போகலையே!

2024 பிப்ரவரியில் புதுச்சேரியில் ரோஸ் கலர் பஞ்சுமிட்டாயைப் பிடித்துச் சோதித்தார்கள். துணிக்குப் போடும் "ரோடமின்-பி" சாயம் கலந்திருந்தது அம்பலம்! அங்கே விற்பனைக்குத் தடை. அதே மாதம் தமிழக அரசும் தடை போட்டது.

சரி, மிட்டாய்க்காரரை விரட்டியாச்சு. வீட்டுக்குள் நடப்பதை எந்த அதிகாரி வந்து பார்ப்பார்?

புதுச்சேரிக்குப் பக்கத்து ஊரான இரும்பை வட்டாரத்திலும் பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குது சிப்ஸ் பாக்கெட். பிள்ளை அழுதால் ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். அழுகை நிற்கிறது. பசியும் செத்துப்போகிறது! பிறகு, "எங்க பிள்ளை சோறே தின்ன மாட்டேங்குது" என்று டாக்டரிடம் புலம்பல் வேறு. அழுதால் பாக்கெட் கிடைக்கும் என்று பழக்கியது யாராம்?

இத்தனைக்கும் இது மல்லாட்டை விளையும் சீமை. டி.எம்.வி. ரக மல்லாட்டைக்குப் பேர் கொடுத்ததே திண்டிவனம்தான்! அதை வறுத்து, வெல்லம் சேர்த்துக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? (சின்னப் பிள்ளைக்கு முழுப் பருப்பு தொண்டையில் அடைக்கும், பொடித்துத்தான் கொடுக்கணும்.)

பள்ளிக்கூடத்தில் 2022 முதல் காலை உணவு போடுகிறது அரசு. சனி, ஞாயிறு வீட்டுச் சாப்பாடுதானே?

பல வீட்டில் பாக்கெட்டை வாங்கி வருவது பிள்ளை இல்லை. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும் அப்பா!