நின்றது நான்கு நொடி... படத்தில் வெறும் நுரை!

சென்னையை அடுத்த கோவளம் கடற்கரை. ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. தாம்பரத்திலிருந்து வந்த ஓர் அப்பா, கழுத்தில் டி.எஸ்.எல்.ஆர் கேமராவோடு மணலில் நிற்கிறார். பன்னிரண்டு வயது மகளுக்கு அன்று நான்காவது அலைச்சறுக்கு வகுப்பு. 'பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குடா கடலு?' என்று கேட்ட பாட்டி, ஒரு மாதமாக மகனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூட்டுவலியால் அவரை மணலில் நடத்திக் கூட்டிவரவும் முடியாது. பேத்தி பலகையில் நிற்கும் ஒரு படத்தைக் காட்டிச் சமாதானப்படுத்திவிடலாம் என்பதுதான் அப்பாவின் திட்டம்.

ஏழேகாலுக்கு மகள் எழுந்து நின்றாள். முதல் தடவை. முழுசாக நான்கு நொடி. அப்பா பட்டனை அழுத்தினார். கேமரா அசையவில்லை. பின்னால் சின்ன சிவப்பு விளக்கு மட்டும் மினுக் மினுக்கென்று எரிந்தது. அது அணைவதற்குள் மகள் தண்ணீருக்குள் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் போட்டால் 214 படங்கள். பாட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "எல்லாம் நுரையாத்தான் இருக்கு. பிள்ளை எங்கடா?"

இந்தக் கதை கோவளத்தில் மட்டும் நடப்பதில்லை. பள்ளி விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயத்தைப் படம் எடுக்கப் போய், காலி டிராக்கை எடுத்து வந்த பெற்றோர் ஏராளம். கேமரா விலை குறைவு என்பது பெரும்பாலும் காரணமே இல்லை.

முதலில் அந்தச் சிவப்பு விளக்கு. தொடர்ச்சியாகப் படம் எடுக்கும்போது, கேமரா படங்களைத் தன் தற்காலிக நினைவகத்தில் குவித்துவைத்து, பிறகு மெமரி கார்டுக்கு அனுப்புகிறது. அப்பா 'ரா', ஜேபெக் என இரண்டு வடிவத்திலும் பதியும்படி வைத்திருந்தார். கார்டும் பழைய போனிலிருந்து கழற்றியது. வந்த அலைக்கெல்லாம் பட்டனை விடாமல் அழுத்தியதில் நினைவகம் நிரம்பிவிட்டது. மகள் நின்றபோது கேமரா பழைய நுரையை எழுதிக்கொண்டிருந்தது! ஜேபெக் மட்டும் போதும். எழுதும் வேகம் அதிகமுள்ள கார்டு வேண்டும். மூன்று நான்கு படங்களாக விட்டு விட்டு அழுத்த வேண்டும்.

அடுத்து, வேகம். மணிக்கு 30 கிலோமீட்டரில் ஒருவர் வழுக்கி வந்தால், ஒரு நொடியில் எட்டு மீட்டருக்கு மேல் கடப்பார். ஷட்டர் 1/125 நொடி திறந்திருந்தால், அதற்குள் ஆறேழு சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். முகம் இழுபட்டுப்போகும். 1/1000 என்றால் நகர்வு எட்டு மில்லிமீட்டர்தான். அதனால் ஷட்டர் வேகத்தை நாமே முடிவு செய்யும் நிலையில் டயலை வைத்து, 1/1000 அல்லது 1/1600 கொடுத்து, ஐ.எஸ்.ஓ-வை ஆட்டோவில் விட்டுவிடலாம். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் தெரியட்டும்; எந்தப் பாட்டியும் அதைக் குறை சொல்லப்போவதில்லை.

ஃபோகஸிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நகரும் ஆளை விடாமல் பின்தொடரும் முறையைத் தேர்வு செய்ய வேண்டும். கேனானில் அது 'ஏ.ஐ சர்வோ', நிக்கானிலும் சோனியிலும் 'ஏ.எஃப்-சி'. பலகையில் குப்புறப் படுத்து, கையால் துழாவத் தொடங்கும்போதே பட்டனைப் பாதி அழுத்தி, ஆளோடு கேமராவையும் நகர்த்திக்கொண்டே வர வேண்டும். எழுந்த பிறகு தேடினால், கேமரா முன்னால் எழும்பும் நுரையைப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விட நம் கிழக்குக் கடற்கரையில் பெரிய தலைவலி, வெளிச்சம். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில், காலையில் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். அதில்தான் அலை வழுவழுவென்று எழும். மதியத்துக்கு மேல் கடல்காற்று புகுந்து தண்ணீரைக் கலைத்துவிடும். ஆனால் அந்த நல்ல காலை நேரத்தில் சூரியன் கடல் பக்கம் இருப்பதால், முகம் கறுத்து நிழலுருவமாகிவிடும். போதாததற்கு, வெள்ளை நுரையைப் பார்த்த கேமரா வெளிச்சம் அதிகம் என்று நினைத்துப் படத்தை இன்னும் இருட்டாக்கும். 'எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்' பட்டனில் +1 வைத்தால் ஓரளவு சரியாகும். அதைவிட நல்ல வழி, நிற்கும் இடத்தை மாற்றுவது. ஜூன், ஜூலையில் சூரியன் வடகிழக்கில் உதிப்பதால், வடக்குப் பக்கம் நடந்துபோய்த் தெற்கு நோக்கி எடுத்தால், வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து முகத்தில் விழும். டிசம்பரில் இதற்கு நேர்மாறாக நிற்க வேண்டும். ஐந்து நிமிட நடை. புது லென்ஸ் செய்யாத வேலையைச் செய்யும்.

ஏ.சி காரிலிருந்து இறங்கிய உடனே கேமராவை வெளியே எடுக்காதீர்கள், லென்ஸில் ஆவி படியும். மணலில் நின்று லென்ஸ் மாற்றவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள், உப்பு விடாது. முக்கியமாக, நல்ல கோணம் தேடி இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிவிடாதீர்கள். கண் வியூஃபைண்டரில் இருக்கும்போது, பக்கத்தில் வரும் அலை தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி நடந்து, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வென்றார். இந்தக் கரைகளில் கேமராக்களுக்குக் குறைவில்லை. அதில் பல, முன்பின் தெரியாத பெண்களையும் குழந்தைகளையும் குறிவைக்கின்றன. ஈர உடையில் இருக்கும் பிள்ளையின் படத்தை, பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இன்ஸ்டாகிராமில் போடுவது அசிங்கம். அந்த அப்பா இதில் கெட்டிக்காரர். மகளோடு பயிலும் பிள்ளைகளின் வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் கேமராவைத் திறந்தார்.

மறுவாரம் மீண்டும் கோவளம். வடக்குப் பக்கம் நின்றார், 1/1250 வைத்தார், மொத்தமே 60 படம் எடுத்தார். மகள் மூன்று தடவை நின்றாள். இரண்டு தடவை முன்னால் வேறு ஒருவர் குறுக்கே வந்துவிட்டார். மூன்றாவது விழுந்தது. பலகையின் நுனி படத்துக்கு வெளியே போயிருந்தது, தொடுவானம் சாய்ந்திருந்தது. ஆனால் முகம் பளிச்சென்று இருந்தது.

பாட்டி போனை வாங்கி, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஏன்டி, வாயை இப்படித் திறந்து வெச்சிருக்க?"

"கத்திட்டு இருந்தேன் பாட்டி."

"பயத்துலயா?"

"இல்ல... சும்மா!"

பாட்டி போனைத் திருப்பித் தரவில்லை. மாடி வீட்டு மாமியிடம் காட்டிவிட்டு வருவதாகச் சொல்லி, மூட்டுவலியோடு படியேறிப் போனார்.