வீழ்ந்த விமானங்கள் எத்தனை?

யுத்த காலத்திலே இரு தரப்பாரும் தத்தம் வெற்றியையே பறைசாற்றுவர். "பகைவரின் விமானங்கள் இத்தனையை வீழ்த்தினோம், டாங்கிகள் இத்தனையைத் தகர்த்தோம்" என்று வானொலி முழங்கும். அந்த எண்கள் மெய்தாமா என்பதைப் பிற்காலத்தில் அறிய வழியுண்டா? உண்டு. சரித்திரம் பயிலும் மாணவர் அவ்வழியை அறிந்துகொள்ளுதல் நன்று.

1940-ஆம் ஆண்டு செப்டெம்பர் 15-ஆம் திகதி ஜேர்மன் விமானங்கள் பட்டப்பகலில் லண்டனைத் தாக்கின. அன்று 185 விமானங்களை வீழ்த்தியதாகப் பிரித்தானியா அறிவித்தது. யுத்தம் முடிந்தபின் ஜேர்மன் விமானப் படையின் இழப்புப் பதிவேடுகள் கிடைத்தன. அவற்றின்படி அன்று அழிந்தவை ஏறத்தாழ 60 மாத்திரமே. ஜூலை முதல் ஒக்டோபர் வரை பிரித்தானியர் உரிமை கொண்டாடியவை 2,698. பதிவேடு காட்டியவை 1,733. ஜேர்மனியரோ மூவாயிரத்துக்கு மேல் வீழ்த்தியதாகக் கூறினர். பிரித்தானியா உண்மையில் இழந்த போர் விமானங்கள் 915.

அன்று நமது தலைநகராயிருந்த கொழும்பும் இதற்கு விலக்கன்று. 1942 ஏப்ரல் 5-ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது அவர்களது விமானங்கள் இருபதுக்கு மேல் வீழ்ந்ததாகச் சொல்லப்பட்டது. ஜப்பானியரின் கணக்கில் திரும்பி வராதவை ஏழு.

அங்ஙனமாயின் விமானிகள் பொய் புகன்றனரா? இல்லை. ஒரே விமானத்தை மூவர் சுடுவர். அது விழுந்ததும் மூவரும் தத்தம் கணக்கில் ஒன்றைச் சேர்ப்பர். புகை கக்கிக்கொண்டு முகிலுக்குள் மறையும் விமானம் அழிந்ததாகவே தோன்றும். அதுவோ தள்ளாடித் தன் தளம் சேர்ந்திருக்கும். உயிருக்குப் போராடும் கணத்தில் நின்று எண்ண யாருக்கு அவகாசம்?

இழந்தவனின் ஏடு அத்தகையதன்று. சந்தையிலே வியாபாரி எவ்வளவும் பெருமை பேசலாம். தன் கணக்குப் புத்தகத்தில் பொய் எழுதினால் நட்டம் அவனுக்கே. இழந்த விமானத்தைப் பதியாத படைப்பிரிவுக்குப் புதிய விமானம் வந்து சேராது. ஆகவே ஊருக்குச் சொன்ன அறிக்கையை விட உள்ளுக்குள் எழுதிய ஏடே நம்பத்தக்கது.

டாங்கிகளின் கதையும் இதுவே. 1944 ஆகஸ்ட் 7-ஆம் திகதி பிரான்சின் மோர்த்தேன் நகரருகே ஜேர்மனியர் எதிர்த் தாக்குதல் தொடங்கினர். அங்கே நேச நாட்டு விமானிகள் அழித்ததாகவும் சேதப்படுத்தியதாகவும் கூறிய டாங்கிகள் 252. பின்னர் பிரித்தானிய ஆராய்ச்சிக் குழுவினர் அந்நிலத்துக்கே சென்று, கிடந்த டாங்கிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தனர். துளைத்தது ரொக்கெட்டா, பீரங்கிக் குண்டா என்று ஆராய்ந்தனர். அவர்கள் கண்ட டாங்கிகளும் இயங்கு பீரங்கிகளும் 46. விமானத் தாக்குதலால் அழிந்தவை ஒன்பதே. சிலவற்றைச் சாரதிகள் தாமே கைவிட்டு ஓடியிருந்தனர். அந்த அச்சத்தை விளைத்ததில் விமானங்களுக்கும் பங்குண்டு. எண்ணிக்கை அதனைக் காட்டாது.

ஏட்டையும் கண்மூடி நம்பலாகாது. அடிபட்ட டாங்கியை இழுத்துச் சென்று பழுது பார்த்துவிட்டால் அது "இழப்பு" என்ற பத்தியில் வராது. ஆதலால் "இழப்பு" என்ற சொல்லுக்கு ஒவ்வொரு படையும் என்ன பொருள் கொண்டது என்று முதலிற் கேட்டுவிட்டே இரு தரப்பு ஏடுகளையும் ஒப்பிட வேண்டும்.

இவையெல்லாம் வீண் எண் விளையாட்டு என்பாருமுளர். அவர்கள் 1940-ஐ நினைத்துப் பார்க்கட்டும். தம் விமானிகள் சொன்ன எண்களை நம்பி, பிரித்தானியாவிடம் விமானங்கள் தீரும் தறுவாயில் உள்ளன என்று ஜேர்மன் தலைவர்கள் கணித்தனர். செப்டெம்பர் 15-இல் அவர்களது விமானிகளை எதிர்கொண்டவையோ நூற்றுக்கணக்கான போர் விமானங்கள். பகைவனை ஏமாற்றச் சொல்லும் பொய்யிலும், தன்னையே ஏமாற்றும் கணக்குக் கொடியது. அதற்கு விலையாகப் போனவை இளைஞரின் உயிர்கள்.