பல் மருத்துவ மாணவருக்கு இரண்டு மாதம் யார் தருவது?

1966-ஆம் ஆண்டு ஓர் இந்திய மருத்துவ இதழில் சிறிய கட்டுரை ஒன்று வந்தது. பெங்களூரில் 10,000 பேரின் வாயைப் பார்த்து, எத்தனை பேருக்கு வெள்ளைத் திட்டு இருக்கிறது என்று எண்ணிச் சொன்ன கட்டுரை அது. முதல் ஆசிரியர் டென்மார்க்கைச் சேர்ந்த வாய் நோயியல் அறிஞர் ஜென்ஸ் பின்ட்போர்க். உடன் எழுதிய நால்வரும் இந்தியர்கள். அதன் தொடர்ச்சிபோல, பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பல் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த ஃபாலி மேத்தாவும் பின்ட்போர்க்கும் தங்கள் குழுவோடு ஐந்து மாவட்டங்களில் 50,915 கிராமத்தவரைப் பரிசோதித்து 1969-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். புகையிலை மெல்லுவதற்கும் வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள உறவைப் பற்றி இன்று உலகம் அறிந்திருப்பதில் கணிசமான பங்கு இப்படி வீடு வீடாக வாய் பார்த்து எண்ணியதிலிருந்து வந்தது.

அந்த வேலையின் பெரும்பகுதிக்குத் தேவைப்பட்டவை வாய்க்கண்ணாடி, நல்ல வெளிச்சம், பழகிய கண், ஒழுங்காக நிரப்பிய தாள். மூன்றாம் ஆண்டு பிடிஎஸ் படிக்கும் ஒரு மாணவியிடம் இவை எல்லாமே இருக்கின்றன. கண் மட்டும் இன்னும் கொஞ்சம் பழக வேண்டும். அதற்கான இரண்டு மாதம்தான் அவளிடம் இல்லை.

திட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 1979-இலிருந்து எஸ்டிஎஸ் என்ற குறுகிய கால உதவித்தொகையை நடத்திவருகிறது. எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்கள் தங்கள் கல்லூரியிலேயே ஒரு கைடைப் பிடித்து, ஆய்வுத் திட்டத்தை ஆன்லைனில் அனுப்ப வேண்டும். தேர்வானால் இரண்டு மாதம் வேலை செய்து அறிக்கை தர வேண்டும். இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 20,000 ரூபாயாக இருந்த தொகை சில ஆண்டுகளுக்கு முன் 50,000 ஆக உயர்ந்தது. நல்ல செய்திதான். ஆனால் பணம் கைக்கு வருவது அறிக்கை ஏற்கப்பட்ட பிறகு. அதுவரை ஜெராக்ஸ், கையுறை, ஆட்டோ எல்லாம் அப்பாவின் செலவு. அப்பாவுக்கு வசதியில்லை என்றால் அந்த மாணவர் விண்ணப்பிக்கவே மாட்டார்.

அதைவிடப் பெரிய தடை நாட்காட்டி. அமெரிக்காவில் கோடை வந்தால் பல கல்லூரிகளில் வகுப்புகள் நின்றுவிடும். அந்நாட்டு மத்திய அரசின் பல் ஆராய்ச்சி நிறுவனமே மாணவர்களை அழைத்து, உதவித்தொகையும் கொடுத்து ஆய்வில் அமர்த்தியிருக்கிறது. நம் பல் மருத்துவக் கல்லூரிகளில் கோடை என்பது சில நாள் விடுப்பு, அதுவும் இன்டர்னல் தேர்வை ஒட்டி. எஸ்டிஎஸ் கிடைத்தவர் காலையில் ஓபி (வெளிநோயாளர் பிரிவு), மதியம் வகுப்பு, மாலையில் கைடு கிளம்பும் முன் பிடித்து ஒரு கையெழுத்து என்று இரண்டு மாத வேலையை ஓட்டைகளில் செருகி முடிக்கிறார். இதே பெங்களூரில் அறிவியல், பொறியியல் மாணவர்களின் நிலை வேறு. சதாசிவநகரில் உள்ள இந்திய அறிவியல் அகாதமி வேறு இரு அகாதமிகளோடு சேர்ந்து ஆண்டுதோறும் அவர்களைக் கோடையில் ஆய்வகங்களுக்கு அனுப்பிவைக்கிறது. ஜக்கூரில் ஜவகர்லால் நேரு மையம் தனியாக ஒரு கோடைத் திட்டம் நடத்துகிறது.

நேரம் கிடைக்காதபோது என்ன நடக்கும்? கூகுள் ஃபார்ம் நடக்கும். 'கல்லூரி மாணவரிடையே பல் துலக்குவது பற்றிய அறிவு, மனப்பான்மை, பழக்கம்' என்று ஒரு தலைப்பு. வாட்ஸ்அப்பில் இருநூறு பேருக்கு இணைப்பு, ஒரு வாரத்தில் முடிவு. யாருடைய வாயையும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. இந்த வகைக் கட்டுரைகள் நம் பல் மருத்துவ இதழ்களில் குவிந்து கிடக்கின்றன. மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. முதுநிலைச் சேர்க்கைக்கான நீட் எம்டிஎஸ் முழுக்கக் கொள்குறி வினாத்தேர்வு. ஆய்வு செய்ததற்கு அதில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. வெளிநாடு போக நினைப்பவருக்குத்தான் ஆய்வுச் சான்றிதழ் உதவுகிறது.

கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. பெங்களூரின் பிரேசர் டவுனையே எடுத்துக்கொள்வோம். 1898 பிளேக்கில் தண்டுப் (கன்டோன்மென்ட்) பகுதியின் நெரிசலான தெருக்களில் பலர் மடிந்த பிறகு, நோய்க்கு இடம் கொடுக்காத குடியிருப்பு வேண்டும் என்று திட்டமிட்டு எழுப்பிய பேட்டை இது. 1906-இல் அடிக்கல் நாட்டினார்கள். காகிதத்தில் இன்று புலிகேசி நகர். தமிழும் உருதும் கன்னடமும் ஒரே டீக்கடையில் கேட்கும். இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் குக் டவுன், கிளைன் ரோட்டில் எம்.ஆர். அம்பேத்கர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டுக்கும் அஞ்சல் குறியீடுகூட ஒன்றுதான், 560005.

மசூதி சாலையில் ஹாஜி சர் இஸ்மாயில் சேட் பள்ளிவாசல். மிஸ்வாக் குச்சி இந்தப் பகுதியில் பலருக்கு வழிபாட்டோடு சேர்ந்த பழக்கம். அதோடு பிரஷ்ஷும் பிடிப்பவர் எத்தனை பேர், குச்சி மட்டும் போதும் என்று இருப்பவர் எத்தனை பேர், இரு தரப்பின் ஈறுகளும் எப்படி இருக்கின்றன? ரம்ஜான் மாதத்தில் பகலில் ஸ்கேலிங் செய்தால் நோன்பு முறியுமோ என்று தள்ளிப்போடுகிறவர்கள் அந்த மாதம் முழுக்க வலியை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

அடுத்தது பெட்டிக்கடை. கர்நாடகம் 2013-இல் குட்காவைத் தடை செய்தது. தடைக்குப் பிறகு பான் மசாலா ஒரு சரத்தில், புகையிலைத் தூள் பக்கத்துச் சரத்தில் தொங்க ஆரம்பித்தன. வாங்குகிறவர் இரண்டையும் கிழித்து உள்ளங்கையில் கலந்து வாயில் போட்டுக்கொள்கிறார். அப்படிக் கலக்கும்போது புகையிலையின் அளவு கூடுகிறதா குறைகிறதா என்பதை, பொட்டலங்களை எடை போட்டே சொல்லிவிடலாம். இன்னொரு கேள்வி: வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள முதியவர்களுக்கு மாநில அரசு 'தந்த பாக்யா' என்ற திட்டத்தில் இலவசமாகப் பல்செட் தருகிறது. கட்டிய பல்செட்டை ஓராண்டு கழித்தும் போட்டுச் சாப்பிடுகிறவர் எத்தனை பேர், டம்ளரில் போட்டு வைத்திருப்பவர் எத்தனை பேர்? வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டால் இரண்டு மாதத்தில் பதில் கிடைக்கும்.

இப்படிப்பட்ட எளிய ஆய்வை 'சின்னப் பிள்ளை வேலை' என்று பேராசிரியர்கள் சிலர் ஒதுக்குவது உண்டு. செய்து பார்த்தால் தெரியும். வாய்ச் சுகாதாரத்தை அளக்க கிரீனும் வெர்மிலியனும் 1964-இல் தந்த எளிய குறியீடு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆறே ஆறு பல் பரப்புகளைப் பார்த்தால் போதும். அழுக்கு இல்லையென்றால் 0, பல்லின் மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால் 1, மூன்றில் இரண்டு வரை 2, அதற்கு மேல் 3. கேட்க எளிதாக இருக்கிறது. வரிசையில் ஒரு பெரியவர் வாயைத் திறந்து காத்திருக்கும்போது, கீழ்க் கடைவாய்ப் பல்லின் நாக்குப் பக்கம் எச்சில் தேங்கி நிற்கிறது. ஒரு மாணவர் 1 என்கிறார். பஞ்சால் ஒற்றிவிட்டுப் பார்த்த இன்னொருவர் 2 என்கிறார். இருவரும் ஒரே மாதிரி பார்க்கிறார்களா என்று சோதித்து, அந்த ஒற்றுமையை அளக்கும் கப்பா கணக்குப் போட்டு, மறுபடி பயிற்சி எடுத்து, அதன் பிறகே உண்மையான கணக்கெடுப்பு தொடங்க வேண்டும். இந்த ஒழுக்கத்தை எந்தக் கொள்குறி வினாப் புத்தகமும் சொல்லித் தராது.

பஞ்சால் ஒற்றிப் பார்த்தவர் யார் என்பதில்தான் என் முக்கியமான வாதம் இருக்கிறது. அந்தக் கை பெரும்பாலும் டென்டல் ஹைஜீனிஸ்ட் கையாக இருக்கும். 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டமே ஹைஜீனிஸ்ட் யார் என்று வரையறுத்தது: மருத்துவர் அல்லாதவர், பற்களைச் சுத்தம் செய்து மெருகேற்றுகிறவர், பல் சுகாதாரத்தைச் சொல்லித் தருகிறவர். நம் நாட்டில் இது பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு இரண்டு ஆண்டு டிப்ளமோ. நாள் முழுக்கக் காறையைச் சுரண்டும் வேலை. நோயாளியோடு அரை மணி நேரம் உட்காருகிறவரும் அவர்தான். டாக்டரிடம் 'எப்பவாவது போடுவேன் சார்' என்று மழுப்பிய மனிதர், இவரிடம் 'நாளைக்கு எட்டுப் பொட்டலம்மா' என்று உண்மையைச் சொல்வார்.

எஸ்டிஎஸ் இவரைச் சேர்த்துக்கொள்வதில்லை. அந்தக் கதவு எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்களுக்கு மட்டும். 2023-இல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றி, 75 ஆண்டுப் பழைய சட்டத்துக்கு விடைகொடுக்க வழி செய்தது. சட்டம் மாறும்போதாவது ஹைஜீனிஸ்ட் மாணவிக்கும் ஒரு கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்று யாராவது எழுதிவைக்கலாம். டிப்ளமோக்காரருக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: அவர் தனியாகச் செய்ய வேண்டாம். ஒரு பிடிஎஸ் மாணவரும் ஒரு ஹைஜீனிஸ்ட் மாணவியும் ஜோடியாக விண்ணப்பிக்கட்டும், இருவர் பெயரும் அறிக்கையில் வரட்டும். ஒருவர் அளப்பதை மற்றவர் சரிபார்க்கும் வசதி தானாகவே அமைந்துவிடும்.

இத்தகைய எளிய ஆய்வு ஐசிஎம்ஆருக்குப் புதிதல்ல. 1937-இல் நெல்லூர் மாவட்டத்தில் புளோரைடால் பல் கறைபட்டு எலும்பு வளைந்தவர்களைப் பற்றி எழுதிய மூவரில் ஒருவர் சி.ஜி. பண்டிட். சுதந்திரத்துக்குப் பின் ஐசிஎம்ஆரின் இயக்குநரானவரும் அவரே. பல்லைப் பார்த்துத் தண்ணீரைச் சந்தேகிப்பது எப்படி என்று அந்த நிறுவனத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கோலாரும் பாவகடாவும் அதே புளோரைடுத் தண்ணீரோடு இன்றும் பெங்களூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கின்றன.

ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகமும் அதன் கீழுள்ள பல் மருத்துவக் கல்லூரிகளும் அடுத்த ஆண்டு அட்டவணையைத் தயாரிக்கும்போது, மூன்றாம் ஆண்டில் எட்டு வாரத்தை ஆய்வுக்கென்று ஒதுக்க வேண்டும். அந்த வாரங்களில் ஓபி வருகைப் பதிவிலிருந்து விலக்கு தர வேண்டும். ஐசிஎம்ஆர் தொகையில் பாதியை முன்பணமாகக் கொடுத்து, ஹைஜீனிஸ்ட் மாணவர்களையும் எஸ்டிஎஸ்ஸில் சேர்க்க வேண்டும். இதில் எதற்கும் புதிய கட்டடமோ புதிய கருவியோ வேண்டியதில்லை.