பழைய வண்டி, அப்படித்தானா?

சாலையோரத்தில் ஒரு பழைய கார் நின்றுவிட்டால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்தப் பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை. வயது என்பது காரணம் ஆகாது. ஒவ்வொரு கோளாறுக்கும் வெப்பத்திலோ, அழுத்தத்திலோ, எரிதலிலோ ஒரு காரணம் இருந்தே தீரும். அந்தக் காரணத்தைத் தேடாமல் கோளாறை மட்டும் அடக்கினால் என்ன ஆகும்? பெட்ரோல் எஞ்சினின் வரலாற்றிலேயே அதற்கு ஒரு கசப்பான சான்று உண்டு.

நம் ஊர்ப் பக்கத்தில் உருவான ஒரு காரையே எடுத்துக்கொள்வோம். வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' கார் தயாரிக்கப்பட்டது. அதன் முன்பகுதி முழுவதும் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். எஞ்சின் அப்படியே கண்ணுக்குத் தெரியும். அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 63 மி.மீ.; பிஸ்டன் நகரும் தூரம் 76 மி.மீ. உருளையின் கன அளவைக் காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரியுமே! ஒரு சிலிண்டருக்குச் சுமார் 237 க.செ.மீ. வரும். நான்கால் பெருக்கினால் 948. '948 சி.சி. எஞ்சின்' என்பதன் பொருள் இதுதான்.

பெட்ரோல் எரிந்து கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் இத்தகைய எஞ்சினில் வேலையாக மாறுகிறது. மீதி பெரும்பாலும் வெப்பமாக ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேற வேண்டும். மே மாத நண்பகலில் தியாகராயநகர் உஸ்மான் சாலை நெரிசலில் இந்தக் கார் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று இல்லை. விசிறியை எஞ்சினே பெல்ட் மூலம் சுழற்றுவதால், எஞ்சின் மெதுவாக ஓடும்போது விசிறியும் மெதுவாகவே சுழலும். உப்பு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீரை ரேடியேட்டரில் ஊற்றியிருந்தால் உள்ளே படிவு கட்டி, வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கும். ரேடியேட்டர் மூடியின் சுருள்வில் தளர்ந்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறாது; கொதிநிலையும் உயராது. நீர் விரைவில் கொதித்துவிடும். (சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள்!)

அதே நெரிசலில் வேறொரு தொல்லையும் வரும். பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அவற்றில் சில 40 டிகிரி செல்சியசுக்குக் கீழேயே கொதிக்கத் தொடங்கும். பெட்ரோல் பம்பு எஞ்சினின் பக்கவாட்டிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் நன்றாகச் சூடேறும். பம்பு உறிஞ்சும்போது அழுத்தம் குறைவதால் கொதிநிலை மேலும் இறங்கும். குழாயில் ஆவி நிறைந்து, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் போகாது, வண்டி நின்றுவிடும். மெக்கானிக் பம்பின் மேல் ஈரத்துணியைச் சுற்றுவார். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்ளும், பம்பு குளிரும். இது நேர்மையான வைத்தியம். காரணத்தையே அது தொடுகிறது.

இனி மூன்றாவது கோளாறு. மேட்டில் ஏறும்போது எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று தட்டுவது போன்ற ஒலி. தீப்பொறியிலிருந்து கிளம்பிய சுடர் வந்து சேருமுன்பே, மிஞ்சியிருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானே வெடித்து எரிவதுதான் இது. தீப்பொறி உரிய நேரத்துக்கு முன்பே வருவது, உள்ளே கரி படிந்திருப்பது, எஞ்சின் மிகையாகச் சூடேறுவது எனக் காரணங்கள் பல. அமெரிக்காவில் 1921இல் தாமஸ் மிட்க்லி ஒரு எளிய வழி கண்டார். பெட்ரோலில் சிறிது டெட்ரா எத்தில் ஈயம் கலந்தால் ஒலி நின்றுவிடும்! உலகமே மகிழ்ந்தது.

ஒலி நின்றது. ஆனால் ஈயம் எங்கே போனது? புகையோடு வெளியேறிக் காற்றிலும் தெருப்புழுதியிலும் கலந்தது. ஈயம் நச்சு என்பது நெடுங்காலமாகவே தெரிந்த செய்தி. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கிறது. காரில் சென்றவர் தட்டொலி இல்லாமல் சென்றார். அதற்கான விலையை நடைபாதையில் நடந்த குழந்தை கொடுத்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995இல்தான் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. நாடு முழுவதும் ஈயம் விலக 2000ஆம் ஆண்டாயிற்று. உலகில் கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் தான் அதை நிறுத்தியது. ஒரு நூற்றாண்டு!

ஆகவே நான் சொல்வது இதுதான். ஒரு தீர்வைப் பாராட்டுமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். அது காரணத்தைத் தொடுகிறதா? அதன் விலையை யார் கொடுக்கிறார்?

இக்கேள்விகள் இன்றைக்கும் தேவை. இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. எத்தனால் தட்டொலியைத் தடுக்கும். ஈயத்தைப் போல் நச்சு உலோகத்தைத் தெருவில் கொட்டாது. ஆனால் ஹெரால்டு போன்ற பழைய எஞ்சின்களின் ரப்பர் குழாய்களையும் பம்பின் சவ்வையும் அது கெடுக்கக்கூடும். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய கார்புரேட்டரின் அளவுகளும் பொருந்தாமல் போகும். சிலர் புகழ்கிறார்கள், சிலர் பழிக்கிறார்கள். நீங்கள் இரண்டு பக்கமும் சாயாமல், பென்சிலை எடுத்துக்கொண்டு அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுங்கள். "அப்படித்தான் இருக்கும்" என்பதை மட்டும் விடையாக எழுதாதீர்கள்.