ஆமை ஏன் பறக்க நேர்ந்தது?

குட்டீஸ், பஞ்சதந்திரத்தில் வரும் ஆமைக் கதை உங்களுக்குத் தெரியும்தானே?

ஓர் ஏரி வற்றிப் போகிறது. அதில் வாழ்ந்த ஆமைக்கு இரண்டு அன்னப் பறவைகள் நண்பர்கள். 'நீர் நிறைந்த வேறு ஏரிக்குப் போய்விடலாம்' என்று மூவரும் முடிவு செய்கிறார்கள். பறவைகள் ஒரு குச்சியின் இரு முனைகளையும் பிடித்துக்கொள்ள, ஆமை அதன் நடுவைக் கவ்விக்கொண்டு வானில் போகிறது. கீழே ஊர் மக்கள் கைதட்டிச் சிரிக்கிறார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்த ஆமை, தொப்பென்று கீழே விழுகிறது.

'பேசக் கூடாத நேரத்தில் பேசாதே!' இதுதான் கதையின் நீதி என்று பாட்டியும் சொன்னார், டீச்சரும் சொன்னார். சரிதான். ஆனால் கதையின் தொடக்கத்திலேயே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

அந்த ஏரி வற்றாமல் இருந்திருந்தால், ஆமை பறந்திருக்க வேண்டுமா?

இப்போது ஏன் இந்தக் கேள்வி?

தமிழகத்து அரசுப் பள்ளிகளில் 2022-23 கல்வி ஆண்டில் 'கலைத் திருவிழா' தொடங்கப்பட்டது. பாட்டு, நடனம், நாடகம் என்று பல போட்டிகள். பள்ளியில் வென்றவர்கள் வட்டாரத்துக்கும், பிறகு மாவட்டத்துக்கும், கடைசியில் மாநிலப் போட்டிக்கும் போகிறார்கள். 2024-25ஆம் ஆண்டில் சூழல் பாதுகாப்பையே மையக் கருத்தாகக் கொடுத்தார்கள்.

சூழல் என்றதும் நம் பிள்ளைகள் மேடைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் புலி, யானை, மரம். பாவம் தவளை! அதை யார் கூப்பிடுகிறார்கள்? ஆனால் தருமபுரி மாவட்டத்தில் பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் புலியைப் பார்க்க முடியாது. தவளையைப் பார்க்கலாம். குளத்து விலங்குகள் ஊர் ஊராகப் பயணம் போகும் ஒரு பாட்டு நாடகத்தை, இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் போட்டால் எப்படி இருக்கும்?

வெளிநாட்டு மேடையில் வாத்தும் தவளையும்

இப்படிப்பட்ட நாடகங்கள் வெளிநாடுகளில் சக்கைப்போடு போட்டிருக்கின்றன. 1993இல் இங்கிலாந்தில் 'ஹாங்க்!' என்றொரு இசை நாடகம் அரங்கேறியது. ஜார்ஜ் ஸ்டைல்ஸ் இசையமைக்க, ஆன்டனி டுரூ வசனமும் பாடல்களும் எழுதினார். ஆண்டர்சன் எழுதிய 'அழகற்ற வாத்துக் குஞ்சு' கதைதான் அது. கூட்டத்தைப் பிரிந்த குஞ்சு, வழியில் பூனையிடம் மாட்டிக்கொள்கிறது. வாத்துகளையும் ஒரு பெரிய தவளையையும் சந்திக்கிறது. அதைத் தேடித் தாய் வாத்தும் புறப்படுகிறது. 2000ஆம் ஆண்டில் லண்டனின் ஆலிவியே விருதுப் போட்டியில், புகழ்பெற்ற 'லயன் கிங்'கையே பின்னுக்குத் தள்ளிச் சிறந்த புதிய இசை நாடகமாகத் தேர்வானது. வாத்து, சிங்கத்தை ஜெயித்துவிட்டது!

அமெரிக்காவில் 2002இல் ஒரு குழந்தைகள் நாடக அரங்கில், ஒரு தவளையும் ஒரு தேரையும் கதாநாயகர்களாக மேடையேறினார்கள். ஆர்னால்ட் லோபல் எழுதிய கதைகளிலிருந்து பிறந்த அந்த இசை நாடகம், அடுத்த ஆண்டே நியூயார்க்கின் பிராட்வேக்குப் போனது. அதில் வரும் நத்தைதான் வேடிக்கையான பாத்திரம். தவளை எழுதிய கடிதத்தைத் தேரையிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் தபால்காரர் அவர். அடுத்த வீட்டுக்குக் கடிதம் போய்ச் சேரப் பல மாதங்கள்!

நம் பக்கத்திலும் குழந்தைகளுக்காகவே நாடகம் போடுபவர்கள் இருக்கிறார்கள். புதுச்சேரியின் வேலு சரவணன், 'ஆழி' என்ற குழந்தைகள் நாடகக் குழுவை நடத்தி, 'கடல் பூதம்' போன்ற நாடகங்களைப் பள்ளி பள்ளியாகக் கொண்டுபோனவர். 2017இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றார்.

அந்த இரண்டு வெளிநாட்டு நாடகங்களிலும் ஒரு பொது விஷயத்தைக் கவனித்தீர்களா? பயணம் எவ்வளவு ஆபத்தாக இருந்தாலும், திரும்பிவர ஒரு நீர்நிலை காத்திருக்கிறது. குஞ்சு தொலைந்து போகலாம். ஏரி தொலைந்து போவதில்லை. பஞ்சதந்திர ஆமைக்கு மட்டும் திரும்பிவர இடமில்லை. நம் நாட்டுக் கதை, நம் நாட்டு உண்மைக்கு அருகில் நிற்கிறது.

மண்ணுக்குள் தூங்கும் பாடகர்கள்

அமெரிக்க நாடகத்தின் தவளையும் தேரையும் குளிர்காலம் முழுவதும் தூங்கி, வசந்தத்தில் கண் விழிக்கும். நம் ஊரில் உறைபனிக் காலம் ஏது? இங்கே அதற்கு நேர்மாறு. வெயிலுக்குப் பயந்து தூங்குகின்றன!

வறண்ட நிலங்களில் வாழும் ஒரு வகைத் தவளைக்குப் பின்னங்காலில் மண்வெட்டி போன்ற ஓர் அமைப்பு உண்டு. பின்பக்கமாகவே மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கிவிடும். கோடை முழுதும் அங்கேயே உறக்கம். முதல் கனமழை பெய்ததும் வெளியே வந்துவிடும். குளத்து ஆமையும் அப்படித்தான். நீர் வற்றினால் சேற்றுக்குள் புதைந்துகொள்ளும். முடியாவிட்டால் தரை மேல் நடந்து வேறு நீர்நிலை தேடும்.

மழை நாளில் தவளைகள் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். பாடுபவர்கள் பெரும்பாலும் ஆண் தவளைகள்தான். ஒவ்வொரு இனத்துக்கும் தனி மெட்டு. தன் இனத்தின் குரலை அடையாளம் கண்டு பெண் தவளை வந்து சேர்கிறது. வயலில் இருக்கும் பெரிய தவளையோ, மழைக்காலத்தில் பளிச்சென்று மஞ்சள் நிறமாக மாறி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு பாடும். ஒப்பனை, உடை, பின்னணி இசை எல்லாம் இயற்கையே கொடுத்துவிட்டது. மேடைக்கு அழைக்க வேண்டியதுதான் பாக்கி!

நிஜமான பயணம்

தவளையின் நிஜப் பயணம் எத்தனை தூரம்? பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான். புதைந்திருந்த வயலிலிருந்து, முட்டையிடக் குளத்துக்கு. ஆனால் அந்தக் குறுகிய தூரத்துக்குள் தார்ச்சாலை வந்துவிட்டது. மழை பெய்த மறுநாள் காலையில் சாலையில் நசுங்கிக் கிடக்கும் தவளைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை வழி தெரியாமல் வந்தவை அல்ல. அவற்றின் வழியில் நாம்தான் சாலை போட்டோம்.

தப்பித்துக் குளத்துக்குப் போனாலும் தண்ணீர் இருக்க வேண்டும். தலைப்பிரட்டை தவளையாக மாறச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் நீர் வற்றினால் அத்தனை குஞ்சுகளும் மடிந்துவிடும்.

உலகம் முழுவதும் இதே கதைதான். தவளை, தேரை போன்ற நீர்நில வாழ்வன பற்றி உலக அளவில் எடுத்த கணக்கு 2023இல் வெளியானது. அவற்றில் 100க்கு 41 இனங்கள் அழியும் ஆபத்தில் இருப்பதாக அது சொல்கிறது. பறவைகளையும் பாலூட்டிகளையும் விட இந்த அளவு அதிகம்.

ஏரி வற்ற மழைக் குறைவு மட்டும் காரணமா? இல்லை. மழைநீரை ஏரிக்குக் கொண்டுவரும் வாய்க்காலை அடைத்து வீடு கட்டினால், நல்ல மழையிலும் ஏரி நிரம்பாது. வண்டல் சேர்ந்து மேடானால், நிரம்பிய நீரும் சீக்கிரம் வற்றிவிடும். குப்பை கொட்டும் இடமாக மாறினால், இருக்கும் நீரும் கெட்டுவிடும்.

தவளைக்கு மட்டுமா நஷ்டம்?

"மனிதனுக்கே தண்ணீர் இல்லை. இதில் தவளைக்கு என்ன கவலை?" என்று வீட்டில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில், தருமபுரி மாவட்டத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஏரியில் நீர் நின்றால், அது மெல்ல மண்ணுக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணறுகளுக்கு ஊறும். ஏரி வற்றினால் கிணறும் வற்றும். பிறகு ஆழ்துளைக் கிணறு. பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கியிருக்கும் நீரில், ஃபுளோரைடு என்ற உப்பு அதிகமாகக் கரைந்திருக்கும். அளவுக்கு மீறி அதைக் குடித்தால் பற்களில் கறை படியும், எலும்பும் பாதிக்கப்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்க் குழந்தைகள் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள்.

இதைத் தீர்க்கத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு நடந்து, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் குழாய் வழியாக ஊர் ஊராகப் பயணம் செய்கிறது. நல்ல திட்டம், பல குடும்பங்களுக்கு நிம்மதி தந்த திட்டம். ஆனால் குழாய்க்குள் தவளை வாழாது. மாடு குடிக்கவும், கிணறு ஊறவும் ஏரிதான் வேண்டும். தவளை குடியிருக்கும் குளம், ஊருக்கும் உதவும் குளம் என்று சொல்லலாம். வயலில் பூச்சிகளைத் தின்னும் வேலையையும் தவளை கூலியின்றிச் செய்கிறது.

பெரிய வீட்டுக்குக் காவல் உண்டு

அரசு சும்மா இருக்கவில்லை. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 'காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம்' அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 686 சதுர கிலோ மீட்டர். நீர்நாய், முதலை, லெய்த் மென் ஓட்டு ஆமை எல்லாம் வாழும் பகுதி அது. உலக முக்கியத்துவம் வாய்ந்த 'ராம்சர்' ஈர நிலங்களின் பட்டியலில், 2025 தொடக்கத்தில் தமிழகத்தின் எண்ணிக்கை 20 ஆனது. அந்த 20இல் தருமபுரி மாவட்டத்து ஏரி ஒன்றுகூட இல்லை.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. எல்லாக் குளமும் உலகப் பட்டியலில் இடம்பெற முடியாது. ஆனால் பட்டியலில் இல்லாத ஊர்க் குளத்துக்குக் காவல் யார்? அங்கே வனக்காவலர் நிற்க மாட்டார். ஊரில் இருப்பவர்கள்தான் காவல்.

நல்லது செய்யும்போதும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வட்டாட்சியரின் அனுமதி பெற்று, ஏரியிலுள்ள வண்டல் மண்ணை விவசாயிகள் கட்டணமின்றி எடுக்க 2024இல் அரசு வழி செய்தது. ஏரி ஆழமாகும், வயலும் வளமாகும். ஆனால் அந்தச் சேற்றுக்குள்தான் ஆமையும் தவளையும் தூங்குகின்றன! முழு ஏரியையும் ஒரே மூச்சில் வழிக்காமல் ஒரு பகுதியை விட்டுவைத்தால், அவையும் பிழைக்கும்.

கூத்து நம்மிடமே இருக்கிறது

இந்த நாடகத்தை எப்படிப் போடுவது? அமெரிக்காவைப் பார்க்க வேண்டாம். தருமபுரிப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோவில் திருவிழா என்றால், பாரதக் கூத்து பல இரவுகள் நடக்கும். பாட்டாலேயே கதை சொல்லும் கலை அது. அர்ச்சுனன் தபசு அன்று, நடிகர் உயரமான மரத்தில் பாடியபடியே ஏறுவார். ஊரே அண்ணாந்து பார்க்கும். இசை நாடகம் நமக்குப் புதிதே அல்ல.

நம் நாடகத்திலும் கட்டியங்காரன் முதலில் வரட்டும். அவன் ஒரு தவளையாக இருக்கட்டும். ஆமை, நண்டு, கொக்கு, முக்குளிப்பான் எல்லோரும் வற்றிய ஏரியை விட்டுக் கிளம்பட்டும். தார்ச்சாலை ஒரு காட்சி. அடைத்த வாய்க்கால் ஒரு காட்சி. குப்பை மேடு ஒரு காட்சி. உடைக்குப் பழைய சாக்கும் காகிதமும் போதும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நடிப்பதற்காக நிஜ ஆமையைப் பிடித்து வராதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

நாடகம் எழுதும் முன், நாலைந்து பேராகச் சேர்ந்து, பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊர் ஏரிக் கரைக்குப் போங்கள். தண்ணீருக்குள் இறங்க வேண்டாம். தாத்தாவிடம் கேளுங்கள்: 'இந்த ஏரிக்கு வாய்க்கால் எந்தப் பக்கமிருந்து வந்தது? கடைசியாக எப்போது நிரம்பியது?' அவர் சொல்லும் பதில்தான் உங்கள் நாடகத்தின் முதல் காட்சி. நீங்கள் நடிக்கும்போது, வாய்க்காலை அடைத்தவரும் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். அதிகாரி சொன்னால் கோபம் வரும். பேரப்பிள்ளை ஆமை வேடத்தில் வந்து கேட்டால்?

கதையில் ஆமை வாயைத் திறந்ததால் விழுந்தது. மேடையில் அந்தப் பயமில்லை. வாயைத் திறந்து, 'என் ஏரி ஏன் வற்றியது?' என்று அது உரக்கப் பாடட்டும்.

என்ன குட்டீஸ், உங்கள் ஊர் நாடகத்தில் ஆமை வேடம் யாருக்கு?