மலை ரயில் யார் வீட்டுச் சொத்து?

சம்பா அறுவடை முடிந்த கையோடு, காவாந்தண்டலத்திலிருந்து எட்டுப் பேர் நீலகிரி மலை ரயிலைப் பார்க்கக் கிளம்பினோம். ஆறு பேர் விவசாயத் தொழிலாளர்கள். இரண்டு பேர் பஞ்சாலைத் தொழிலாளர்கள். சங்கத்து உண்டியலில் ஓராண்டாகச் சேர்த்த பணம் வழிச்செலவுக்கு ஆனது. “கூலிக்காரனுக்கு ஊட்டி கேட்கிறதோ?” என்று ஊரில் சிலர் நையாண்டி செய்தார்கள். கேட்கத்தான் செய்கிறது! ஏன் கேட்கக்கூடாது?

எங்கள் ஊரில் ரயில் கிடையாது. உத்திரமேரூருக்கும் கிடையாது. ரயிலேற வேண்டுமானால் வாலாஜாபாத்துக்கோ காஞ்சிபுரத்துக்கோ போகவேண்டும். அப்படிப்பட்ட நாங்கள், இரவு சென்னையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, விடியற்காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கி, மலை ரயிலில் உட்கார்ந்தோம்.

தோழர்களே, அந்த ரயிலைப்பற்றி முதலில் சொல்லிவிடுகிறோம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துக்கு மேல் 326 மீட்டர். உதகை 2,203 மீட்டர். இடையே 46 கிலோமீட்டர் தூரம். வழியில் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். பெரிய பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். இங்கே 1,000 மில்லிமீட்டர்தான். கல்லாற்றிலிருந்து குன்னூர்வரை செங்குத்தான ஏற்றம். 12 அடி போனால் ஓரடி உயரவேண்டிய இடங்கள் உண்டு. வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். ஆகவே நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகள் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு தொழிலாளி கொடியோடு நிற்கிறார். எஞ்சின் விசில் கேட்டதும் கையால் பிரேக்கைத் திருகுகிறார். பெட்டியிலுள்ள அத்தனை உயிரும் அந்தக் கையில்!

“வெள்ளைக்காரன் மூளை”

எதிர் ஆசனத்தில் ஒரு கனவான். “எல்லாம் வெள்ளைக்காரன் மூளைங்க! நம்ம ஆளுங்களால இதெல்லாம் ஆகுமா?” என்றார். எங்களோடு வந்த, நாற்பது வருஷம் நாற்று நட்ட அம்மா ஒருவர் கேட்டார்: “ஏங்க ஐயா, அதோ மழையிலயும் பனியிலயும் பிரேக்கைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரே, அவரும் வெள்ளைக்காரரா?”

கனவான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் நாம் விடுவதற்கில்லை. இந்தப் பொய்யை உடைத்தே தீரவேண்டும்.

முதலாவது, பல்சக்கர வித்தையைக் கண்டவர் ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர். இந்தப் பாதையின் பழைய எஞ்சின்களில் பலவற்றைச் செய்தவர்கள் அதே நாட்டின் விண்டர்தூர் நகரத்துத் தொழிலாளிகள். அவர்களுக்கும் நம்மை அடிமைகொண்ட பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கும் என்ன உறவு?

இரண்டாவது, வெள்ளையன் ஏன் போட்டான்? நம்மீது கருணையாலா? வெயில் காலத்தில் சென்னை மாகாண சர்க்காரே ஊட்டிக்கு மூட்டை கட்டிக்கொண்டு ஏறியது. வெலிங்டனில் அவன் பட்டாளம் இருந்தது. மலைச்சரிவில் அவன் தேயிலைத் தோட்டங்கள் இருந்தன. துரை ஏறவும் தேயிலை இறங்கவும் போட்ட பாதை இது.

மூன்றாவது, மலையைக் குடைந்தது யார்? 1854-லேயே யோசனை பிறந்தது. வேலை தொடங்கியது 1891-ல். குன்னூர்வரை ரயில் ஓடியது 1899-ல். உதகையை எட்டியது 1908-ல். பதினேழு வருஷம் பாறையை உடைத்த கை எது? மண் சுமந்த தலை எது? அவர்கள் பெயர் எங்காவது எழுதியிருக்கிறதா என்று நிலையம் நிலையமாகத் தேடினோம். எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை.

2005-ல் இந்த ரயிலை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பாரம்பரியம் என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை ஜனநாயகம் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். அந்தக் கல்வெட்டையே படித்துப் பாருங்கள்! கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் இருப்பவன் பெயரே குடத்தில் விழும். அதில் பாதி நிலம் போதும் என்ற சலுகையும் வேதம் படித்தவனுக்கு. நிலத்தை உழுதவன் பெயருக்குக் குடத்தில் இடமில்லை. அங்கே உழுதவன் இல்லை. இங்கே குடைந்தவன் இல்லை. உழைப்பாளியை விலக்கிவிட்டுப் பாரம்பரியம் கொண்டாடுவது ஆயிரம் வருஷத்துப் பழக்கம்!

பொன்மலையின் பதில்

நம்மால் ஆகுமா என்று கேட்ட கனவானுக்குத் திருச்சி பொன்மலைத் தொழிற்சாலை பதில் சொல்லிவிட்டது. பழைய எஞ்சின்கள் தேய்ந்தபோது, இதே பல்சக்கர நீராவி எஞ்சின்களைப் புதிதாகச் செய்துகொடுத்தவர்கள் பொன்மலைத் தொழிலாளர்கள். முதலில் எண்ணெயில் ஓடும் எஞ்சின்கள். 2021-ல் நிலக்கரியில் ஓடும் எஞ்சின்.

பொன்மலை என்றால் நமக்கு எஞ்சின் மட்டுமா நினைவு வரும்? 1946 செப்டம்பர் 5-ந் தேதி, வேலைநிறுத்தம் செய்த ரயில்வே தொழிலாளர்கள்மீது மலபார் போலீஸ் சுட்டது. ஐந்து தோழர்கள் மண்ணில் சாய்ந்தார்கள். 1974 மே மாதம் நாடெங்கும் லட்சக்கணக்கான ரயில்வே தொழிலாளர்கள் இருபது நாள் சக்கரத்தை நிறுத்தி நின்றார்கள். ரயில் நம் சொத்து என்று நாம் சொல்வது வாய்ச்சவடால் அல்ல. ரத்தம் கொடுத்து எழுதிய பத்திரம் அது.

ஏலக் கடை

இந்தச் சொத்தின்மீதுதான் இப்போது கண் விழுந்திருக்கிறது. 2020 டிசம்பரில் ஒரு தனியார் கம்பெனி மலை ரயிலை வாடகைக்கு எடுத்து ஓட்டியது. தலைக்கு 3,000 ரூபாய்! தமிழ்நாடே கொதித்தது. விற்கவில்லை, வாடகைக்குத்தான் விட்டோம் என்று விளக்கம் வந்தது. அடுத்த ஆண்டே சாயம் வெளுத்தது. 2021 ஆகஸ்டில் ஒன்றிய சர்க்கார் பொதுச்சொத்துக்களைப் பணமாக்கும் பட்டியலை வெளியிட்டது. அதில் 400 ரயில் நிலையங்கள், 90 பயணிகள் ரயில்கள், கூடவே 4 மலை ரயில்கள்! நீலகிரியும் அதில் ஒன்று. நான்கு வருஷக் கணக்கு அது. அது முடியுமுன்னே, 2025 பட்ஜெட்டில் இரண்டாவது பட்டியலுக்குப் பிள்ளையார் சுழி போட்டாகிவிட்டது.

கேட்டால் “நட்டம்” என்கிறார்கள். பஞ்சாலைத் தோழர்களே, இந்தப் பாட்டு உங்களுக்குப் புதிதா? முதலில் நட்டம் என்பான். பிறகு ஆளைக் குறைப்பான். கடைசியில் கதவைச் சாத்துவான் அல்லது கைமாற்றுவான்.

சரி, தனியார் கெட்டிக்காரத்தனத்தின் யோக்கியதையை இந்த மலையிலேயே பார்ப்போம். இந்தப் பாதையைத் தொடங்கியதே ஒரு தனியார் கம்பெனிதான். வேலை தொடங்கிய சில வருஷங்களிலேயே அது திவாலானது. இன்னொரு கம்பெனி வந்து குன்னூரோடு நின்றது. கடைசியில் 1903-ல் சர்க்கார் வாங்கித்தான் உதகைவரை நீட்டியது. முதலாளி கைவிட்டதைப் பொதுப்பணம் கட்டி முடித்தது. இன்று உலகப்புகழ் வந்தபின் திரும்ப முதலாளிக்கா? ஊரார் நட்டு வளர்த்த மரத்தில், காய்க்கும் பருவத்தில் ஒருவன் மட்டும் ஏணி போடுவதா?

2009 நவம்பர் மழையில் மலை சரிந்து பாதை துண்டானது. மண்ணை வாரிப் பாதையை மீட்டது யார்? தண்டவாளத் தொழிலாளி. இனியும் சரியும், மலை அப்படி. லாபத்துக்கு வருகிறவன் சரிந்த மண்ணை அள்ளுவானா, கணக்கை மூடிக்கொண்டு இறங்குவானா?

நாம் கேட்பது

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. எங்கள் அம்மா இறங்கிப்போய், பிரேக் பிடிக்கும் தொழிலாளிக்கு எங்கள் கட்டுச்சோற்றில் ஒரு பங்கு கொடுத்தார். “எங்கேருந்துங்க அம்மா?” என்றார் அவர். “செய்யாத்துக் கரைப்பா, காவாந்தண்டலம். வயல் வேலை” என்றார் இவர். அந்த இரண்டு கைகளிலும் ஒரே காய்ப்பைக் கண்டோம். எங்கள் பயணம் அப்போதே நிறைந்துவிட்டது.

நாம் கேட்பது அதிகமில்லை. மலை ரயில் ரயில்வேயின் கையிலேயே, அதாவது மக்கள் கையிலேயே இருக்கவேண்டும். கூலிக்காரன் குடும்பத்தோடு ஏறும் கட்டணம் நிலைக்கவேண்டும். பாதையைக் காக்கும் தொழிலாளிக்கு நிரந்தர வேலை வேண்டும். மலையைக் குடைந்து மாண்டவர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு கல் நடவேண்டும்.

பிரேக் தொழிலாளியின் கையில்தான் இருக்கிறது, தோழர்களே! சொத்து சறுக்கிப்போகும்போது அதைத் திருகி நிறுத்தவும் நம்மால்தான் முடியும்.