கிரீஸிலும் இனம் அறிக

தாம்பரம், படப்பைப் பகுதிகளில் டிராக்டருக்கும் பார வண்டிக்கும் கிரீஸ் இடுவோரிற் பலர் நிறத்தை நோக்குகின்றனரேயன்றி இனத்தை நோக்குவதில்லை. நிறம் வெறும் சாயமே. எண்ணெயைத் தாங்கி நிற்கும் சோப்பே கிரீஸின் இனத்தைத் தீர்மானிப்பது.

சுண்ணாம்புச் சோப்பாலான சாதாரண கிரீஸ் நீருக்கு அஞ்சாது. ஆயின் ஏறத்தாழ 100 டிகிரி வெப்பத்தில் உருகிவிடும். லித்தியம் கிரீஸின் உருகுநிலையோ சுமார் 180 டிகிரி. ஆகவே சேற்றுழவுக் கருவிக்கு முன்னதும், சூடேறும் சக்கர பேரிங்குக்குப் பின்னதும் ஏற்றவை. களிமண்ணால் இறுகிய கிரீஸை லித்தியத்தோடு கலந்தால், கலவை இளகி எண்ணெய் கசியும், பேரிங் தேயும். இனம் மாற்றுவோர் பழையதை முற்றும் துடைத்தெடுத்த பின்னரே புதியதை இடல் வேண்டும்.

நம் சங்கங்கள், டின்னில் இனப்பெயர் தெளிவாக அச்சிட்ட சரக்கையே வாங்குதல் வேண்டும். அங்கத்தினர் இட்ட கிரீஸின் பெயரைப் பொறியின்மீதே எழுதி வைத்தல் நலம். கிரீஸில் சில ரூபாய் மிச்சம் பிடித்து, பேரிங்குக்குப் பன்மடங்கு இறைப்பது சிக்கனமன்று.